கருப்பட்டி இறுகவில்லையா? அடுப்பை விடுங்கள், கலயத்தைப் பாருங்கள்

ராமநாதபுரம் மாவட்டத்தில் சாயல்குடி, நரிப்பையூர், கன்னிராஜபுரம் பக்கம் கருப்பட்டி கெட்டுப்போனால் முதல் திட்டு அடுப்புக்குத்தான் விழும். தீ கூடிப்போச்சு, விறகு ஈரம், கிண்டினது சரியில்லை என்று விடிலியில் (காய்ச்சும் குடிசையில்) ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். தீயால் கெடுவதும் உண்டு. ஆனால் பெரும்பாலான கோளாறு அடுப்பு மூட்டுவதற்கு முந்தைய இரவே, பனைமரத்து உச்சியில் தொங்கும் கலயத்துக்குள் நடந்து முடிந்துவிடுகிறது. காய்ச்சுகிறவர் கைக்கு வந்து சேர்வது அதன் விளைவுதான். அதனால் கீழே எந்த அறிகுறியானாலும் பதனீரின் பி.எச். (புளித்தால் 7-க்குக் கீழே இறங்கும், சுண்ணாம்பு சேர்ந்தால் மேலே ஏறும் எண்) என்ன என்பதையே முதலில் பார்க்கச் சொல்கிறேன்.

பாளையிலிருந்து, அதாவது பனையின் பூங்கொத்திலிருந்து, சொட்டும் நீரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சர்க்கரை இருக்கும். அதில் பெரும்பகுதி சுக்ரோஸ், கடையில் வாங்கும் வெள்ளைச் சர்க்கரையும் அதுதான். சொட்டும் நேரத்தில் பி.எச். ஏறக்குறைய 7, அதாவது புளிப்பும் இல்லை, காரமும் இல்லை. (காரம் என்று இங்கே சொல்வது மிளகாய் உறைப்பை அல்ல, சுண்ணாம்பின் தன்மையை.) காற்றிலும் பாளையிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் அதை விடியும் முன்பே கள்ளாக்கி 4, 5-க்கு இறக்கிவிடும். கலயத்தின் உள்ளே தடவும் சுண்ணாம்பு பி.எச்.சை மேலே ஏற்றிப் பிடித்துக்கொள்வதால் அவை பெருக முடியாமல் போகின்றன. பதனீருக்கும் கள்ளுக்கும் உள்ள வித்தியாசமே அந்தச் சுண்ணாம்புப் பூச்சுதான்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. கலயத்தில் பி.எச். உயரமாக இருப்பது நல்லது. அதே உயரத்தோடு தாச்சியில் (காய்ச்சும் அகன்ற பாத்திரத்தில்) ஊற்றிக் காய்ச்சினால் கெடுதல். புளிப்புப் பக்கம் போனால் சூட்டில் சுக்ரோஸ் உடைந்து குளுக்கோஸும் ஃப்ரக்டோஸுமாகப் பிரியும், பாகு இறுகாது. காரப் பக்கம் நின்றால் அந்தப் பிரிந்த சர்க்கரைகள் சிதைந்து கறுப்பும் கசப்பும் ஏறும். ஆகவே குறி இரண்டு. மரத்திலிருந்து இறக்கும்போது 8.5-இலிருந்து 10 வரை, தாச்சியில் தீ மூட்டும்போது 7.2-இலிருந்து 7.8 வரை. நான் கையாளும் அளவு இதுதான். முதல் அளவிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கும் வழியைக் கீழே நாக்கு எரியும் பதனீர் பற்றிய பகுதியில் சொல்கிறேன். பி.எச்.சில் ஒரு எண் நகர்ந்தால் பத்து மடங்கு மாற்றம் என்பதால் 8-க்கும் 9-க்கும் உள்ள தூரம் பார்வைக்குத் தெரிவதைவிடப் பெரியது.

அளப்பது எப்படி

கையில் காசு இல்லையென்றால் மஞ்சள் போதும். மஞ்சள் பொடியைக் குழைத்து வெள்ளைத் தாளில் தடவி நிழலில் உலர்த்திக் கீற்றாக வெட்டிக்கொள்ளுங்கள். ஆரத்திக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தால் சிவக்கிறதே, அதே வேலைதான் இங்கேயும். 7.4 வரை மஞ்சளாகவே நிற்கும், 8.6-ஐத் தொடும்போது நன்றாகச் சிவந்துவிடும். ஆக, இறக்கிய பதனீரில் தாள் சிவக்கவில்லையென்றால் சுண்ணாம்பு பற்றவில்லை என்று அங்கேயே தெரிந்துவிடும். ஆனால் 9-க்கும் 11-க்கும் வித்தியாசம் காட்ட மஞ்சளால் முடியாது. அதற்குச் சங்குப்பூ இருக்கிறது. நீலச் சங்குப்பூவை வெந்நீரில் போட்டு எடுத்த சாயம் 7 பக்கத்தில் நீலமாகவே இருக்கும், புளிப்பில் ஊதாவாகும், காரத்தில் பச்சையாகும், காரம் மிகவும் ஏறினால் மஞ்சளாகிவிடும். பதனீரில் விட்ட சாயம் பச்சையாக நின்றால் சரி. மஞ்சளுக்குத் தாவினால் சுண்ணாம்பு அதிகம்.

பி.எச். தாள் வாங்குவதானால் 1-இலிருந்து 14 வரை காட்டும் தாளைவிட 6-இலிருந்து 10 வரை நெருக்கமாகக் காட்டும் தாள் பயன்படும். தொழிலாகச் செய்பவர் சின்ன மீட்டர் ஒன்று வைத்துக்கொள்வது நல்லது. பார்க்கும் முன் பதனீரை நன்றாகக் கலக்கி, துணியில் வடித்து, ஆறவிடுங்கள். கலக்காமல் மேலாக எடுத்தால் ஒரு எண் வரும், அடியிலிருந்து எடுத்தால் வேறு எண் வரும். சுண்ணாம்பு அடியில் தங்கிவிடுவதுதான் காரணம்.

மீட்டர் ஒன்று சொல்கிறது, மஞ்சள் தாள் வேறு சொல்கிறது

மஞ்சளை நம்புங்கள், மீட்டரைச் சந்தேகியுங்கள். மீட்டரின் கண்ணாடி முனையில் சுண்ணாம்பு படிந்து மூடியிருக்கும். நீர்த்த வினிகரில் சிறிது நேரம் வைத்து, நல்ல தண்ணீரில் அலசி, 7, 10 என்று பி.எச். குறித்து விற்கும் கரைசல்களில் மறுபடி சரிசெய்யுங்கள். நம் வேலை காரப் பக்கம் என்பதால் 4 பி.எச். கரைசலைவிட 10 முக்கியம்.

கரைசல் தீர்ந்துவிட்டதா? புதுச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கி மூடி வைத்து, மேலே தெளிந்த நீரில் மீட்டரை விடுங்கள். சுண்ணாம்பு கரையும் மட்டும் கரைந்த தெளிநீரின் பி.எச். 25 டிகிரியில் 12.45, 30 டிகிரியில் 12.3-க்குச் சற்றுக் கீழே. நம் ஊர் வெயிலில் 12.2, 12.3 என்று காட்டினால் மீட்டர் ஒழுங்காக இருக்கிறது. 11 என்று காட்டினால் நம்பாதீர்கள்.

சூடு ஏற ஏற காரக் கரைசலின் பி.எச். தானாகவே குறையும். மீட்டரில் 'வெப்பத் திருத்தம்' இருக்கிறதே என்று கொதிக்கும் தாச்சியில் முக்கிப் பார்ப்பவர்கள் உண்டு. அந்தத் திருத்தம் மீட்டரின் முனைக்கு மட்டும்தான், பதனீரில் நடக்கும் மாற்றத்தை அது திருத்தாது. முனையும் சீக்கிரம் பாழாகும். ஒரு கரண்டி எடுத்து ஆறவைத்துப் பாருங்கள்.

இறக்கும்போதே நுரைத்து, புளித்த வாடை அடிக்கிறது

இதுதான் அதிகம் வரும் கோளாறு. பி.எச். 7-க்குக் கீழே போயிருக்கும், மஞ்சள் தாள் அசையாது. மரம் ஏறுகிறவரிடம் கேட்டால் "சுண்ணாம்பு தடவினேனே அண்ணே" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. தடவிய சுண்ணாம்பு செத்த சுண்ணாம்பாக இருந்திருக்கும்.

நீற்றிய சுண்ணாம்பு திறந்து கிடந்தால் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மெல்ல மெல்லச் சுண்ணாம்புக் கல்லாகவே திரும்பிவிடும். பார்க்க அதே வெள்ளை, தொட்டால் அதே குழைவு, காரம் மட்டும் இருக்காது. சோதிப்பது சுலபம். ஒரு துளி எலுமிச்சைச் சாற்றை அதன் மேல் விடுங்கள். சடசடவென்று குமிழி பொங்கினால் செத்துவிட்டது. அமைதியாகக் கரைந்தால் உயிரோடு இருக்கிறது. நம் கடற்கரையில் சிப்பி, கிளிஞ்சல் சுட்டு நீற்றும் சுண்ணாம்பு கிடைக்கும். வாங்கினதும் மேலே இரண்டு விரல் உயரம் தண்ணீர் நிற்கும்படி மண்பானையில் போட்டு மூடி வையுங்கள். அன்றன்றைக்கு வேண்டியதை அடியிலிருந்து எடுங்கள். மேல் ஏடு எப்போதும் பலவீனமானது.

அடுத்தது தண்ணீர். நம் பகுதிக் கிணறுகளில் பாதி உவர். உவர் தண்ணீர் காரமாச்சே, சுண்ணாம்போடு சேர்ந்தால் நல்லதுதானே என்று தோன்றும். நடப்பது நேர் எதிர். அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட் சுண்ணாம்போடு சேர்ந்து வெள்ளை வீழ்படிவாகிவிடும், போட்ட சுண்ணாம்பில் ஒரு பங்கு அதற்கே செலவாகிவிடும். சுண்ணாம்பு நீற்றவும் குழைக்கவும் ஊருணித் தண்ணீரோ பிடித்துவைத்த மழைத் தண்ணீரோ பயன்படுத்துங்கள். கலயம் கழுவும் கடைசி அலசலுக்கும் அதுவே நல்லது.

சுண்ணாம்பும் தண்ணீரும் சரியென்றால் கலயத்தைப் பாருங்கள். மண் கலயத்தின் துளைகளுக்குள் நேற்றைய பதனீர் குடியிருக்கும். அதன் மேலேயே சுண்ணாம்பைத் தடவினால் பூச்சுக்குப் பின்னால் புளிப்பு வேலை செய்துகொண்டே இருக்கும். பழைய பூச்சைச் சுரண்டி, வெந்நீர் ஊற்றி அலசி, வெயிலிலோ புகையிலோ கவிழ்த்துக் காயவைத்த பிறகு புதிதாகத் தடவ வேண்டும். மாற்றுக் கலயம் இரண்டாவது வரிசை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கோளாறு குறைவாகவே வருகிறது. அலுமினியப் பாத்திரத்தைக் கலயமாக்கும் யோசனை வேண்டாம், சுண்ணாம்பு அதை அரித்துவிடும்.

நேரமும் ஒரு காரணம். சித்திரை, வைகாசியில் வெயில் ஏறின பிறகு இறக்கும் கலயம், விடியலில் இறக்கியதுபோல் இருக்காது. மரம் அதிகமாக ஊறும் நாட்களில் நேற்று போதுமாயிருந்த சுண்ணாம்பு இன்று போதாது. கலயம் நிறைய நிறைய பூச்சின் காரம் நீர்த்துப்போகிறது.

இனி, புளித்ததை என்ன செய்வது? ஒரு கை சுண்ணாம்பை அள்ளிப் போட்டுக் கலக்குவதுதான் வழக்கம். பி.எச். ஏறும், வாடை கொஞ்சம் அடங்கும், ஆனால் உடைந்த சுக்ரோஸ் திரும்ப ஒட்டாது. புளிப்பும் சுண்ணாம்பும் சேர்ந்து உண்டான உப்புகள் பாகில் தங்கிக் கசக்கும். 6.5-க்கு மேல் இருந்தால் மட்டும் முயற்சி செய்யலாம். தெளிந்த சுண்ணாம்பு நீரை ஊற்றி 7.5-க்குக் கொண்டுவந்து, உடனே கொதிக்கவைத்து ஈஸ்ட்டைக் கொன்று, கருப்பட்டியாக்காமல் கூப்பனியாக, அதாவது இறுகாத பாகாக, இறக்கிவிடுங்கள். 6-க்குக் கீழே போனதை வேறு பதனீரோடு கலக்காமல் கொட்டிவிடுவதே லாபம். தமிழ்நாட்டில் கள்ளுக்கு அனுமதி இல்லை என்பதால் புளித்ததைச் சேர்த்து வைத்திருப்பதும் வம்பு.

பதனீர் வழவழப்பாக, நூல் இழுக்கிறது

இது ஈஸ்ட்டின் வேலை இல்லை, சர்க்கரையைப் பசையாக மாற்றும் பாக்டீரியாவின் வேலை. வடித்தாலும் போகாது, காய்ச்சினாலும் சரியாகாது. கொட்டிவிட்டு அந்த மரத்துக் கலயங்களையும் பாளை சீவும் அரிவாளையும் கொதிநீரில் போட்டு எடுங்கள். ஒரு மரத்தில் வந்தால் அதே அரிவாளோடு அடுத்த மரத்துக்கும் போகும்.

குடித்தால் நாக்கு எரிகிறது, நிறம் மஞ்சளடிக்கிறது

சுண்ணாம்பு அதிகம். பி.எச். 10.5, 11 என்று நிற்கும். புளித்துவிடுமோ என்ற பயத்தில் இரண்டு மடங்கு தடவும் வீடுகளில் இது நிரந்தரம். புளித்த பதனீரைவிட இதைத் திருத்துவது எளிது. சர்க்கரை இன்னும் உடையாமல் இருக்கிறது.

முதலில் ஒன்றும் சேர்க்காமல் தெளிய விடுங்கள். அரை மணி நேரம் அசையாமல் வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் இறுத்து, அடி வண்டலை விட்டுவிடுங்கள். பன்னாடையில், அதாவது பனையின் நார்வலையில், வடிப்பது தேனீயையும் பூவையும் பிடிக்கும், சுண்ணாம்புத் துகளைப் பிடிக்காது. இரட்டை மடிப்புப் பருத்தித் துணி வேண்டும். இதில் சோம்பல்பட்டால் தாச்சிக்குள் போன துகள் காய்ச்சும் நேரம் முழுக்கக் கரைந்துகொண்டே இருக்கும். நீங்கள் தீ மூட்டும்போது பார்த்த பி.எச். பிறகு பொய்யாகிவிடும். சர்க்கரைக் கரைசலில் சுண்ணாம்பு வெறும் தண்ணீரைவிட அதிகமாகக் கரையும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்து, சுண்ணாம்பு குறைந்த கலயத்தோடு கலந்து பாருங்கள். ஒரு கலயம் 10.5, இன்னொன்று 8.5 என்றால் கலவை நடுவில் எங்கோ நிற்கும். ஆனால் சரியாக 9.5-இல் நிற்காது. சுண்ணாம்பு அதிகமுள்ள பக்கமே இழுக்கும். கலந்துவிட்டு அளந்து பார்ப்பதுதான் வழி.

அதற்கும் இறங்கவில்லையென்றால் அமிலம். உணவுத் தர பாஸ்பாரிக் அமிலம் போதும். சுண்ணாம்போடு சேர்ந்து வீழ்படிவாகி அடியில் தங்கிவிடும், வடித்துவிடலாம். நேரடியாகத் தாச்சியில் ஊற்ற வேண்டாம். ஒரு பங்கு அமிலத்தை ஒன்பது பங்கு தண்ணீரில் விட்டு நீர்க்கச் செய்யுங்கள். தண்ணீரில் அமிலத்தை விட வேண்டும், அமிலத்தில் தண்ணீரை விடக்கூடாது. ஒரு லிட்டர் பதனீரைத் தனியாக எடுத்து, நீர்த்த அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக எண்ணி விட்டு, ஒவ்வொரு தடவையும் நன்றாகக் கலக்கி அளந்து, 7.6 வரும்போது நிறுத்துங்கள். எத்தனை மில்லி ஆயிற்றோ அதை மொத்த லிட்டரால் பெருக்கி, அதில் முக்கால் பங்கை மட்டும் முதலில் சேருங்கள். மிச்சத்தைப் பார்த்துப் பார்த்து விடலாம். 9-க்கு மேல் எவ்வளவு விட்டாலும் அசையாததுபோல் தெரியும், 8-ஐ நெருங்கியதும் சடாரென்று விழும். அவசரப்படுபவர்கள் 6-க்குப் போய் நிற்பது இந்த இடத்தில்தான்.

உரக்கடை சூப்பர் பாஸ்பேட்டைப் போடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் அது பயிருக்குச் செய்தது. அதில் ஃபுளோரைடும் வேறு அசுத்தங்களும் இருக்கும். தின்னும் பொருளில் சேர்க்கத் தகாது. எலுமிச்சையோ புளியோ பிழிவதும் வேண்டாம். ஒவ்வொரு பழத்துக்கும் புளிப்பு வேறு, அளவு நிற்காது.

கொதிக்கையில் பொங்கி வழிகிறது

கொஞ்சம் நுரை இயல்பு. அதற்குத்தான் ஆமணக்கு முத்தை நசுக்கிப் போடுகிறோம். அதற்கும் அடங்காமல் பொங்கினால் வடிகட்டல் போதவில்லை, அல்லது பதனீர் லேசாகப் புளிக்கத் தொடங்கியிருக்கிறது. ஒரு கரண்டி எடுத்து ஆறவைத்துப் பி.எச். பாருங்கள். 7-க்குக் கீழே என்றால் தெளிந்த சுண்ணாம்பு நீர் கொஞ்சம்.

பாகு பதத்துக்கு வரவில்லை, சிரட்டை அச்சில் உறையவில்லை

இரண்டு காரணம்தான். ஒன்று, காய்ச்சியது போதவில்லை. தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பாருங்கள். உருண்டை பிடித்தால் பதம் வந்துவிட்டது. வெப்பமானி இருந்தால் 118, 120 டிகிரி பக்கம். அது வராமல் இறக்கியிருந்தால் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம்.

பதம் வந்தும், கிண்டி ஊற்றியும், சிரட்டையில் பிசின் மாதிரி நிற்கிறதென்றால் சுக்ரோஸ் உடைந்துவிட்டது. காலையில் அளந்த எண்ணை எடுத்துப் பாருங்கள், 7-க்குக் கீழே இருந்திருக்கும். அளக்கவில்லையென்றால் இப்போது அளந்து பயனில்லை. காய்ச்சும்போதே பி.எச். இறங்கிவிடும் என்பதால் பாகின் எண் பதனீரின் கதையைச் சொல்லாது. இன்னும் காய்ச்சினால் இறுகும் என்று தீயைக் கூட்டுவார்கள். கருகுமே தவிர இறுகாது. அதைக் கூப்பனியாகவே பாட்டிலில் அடைத்து விற்றுவிடுங்கள். வெள்ளைச் சர்க்கரையைக் கொட்டி இறுகவைப்பது எல்லாருக்கும் தெரிந்த தந்திரம். இறுகத்தான் செய்யும். கருப்பட்டி என்று அதை விற்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

அளவுக்கு மீறிக் கறுத்துவிட்டது

கறுப்பே குற்றமில்லை. கருப்பட்டி கறுப்பாக இருப்பதை நம்பி வாங்குகிறவர்களும் உண்டு, தப்பாக நம்புகிறார்கள். சுவைத்துப் பாருங்கள். கருகின வாடை என்றால் தீ, அல்லது கடைசி நேரத்தில் கிண்டுவது குறைந்து அடி பிடித்திருக்கிறது. கருகல் இல்லை, ஆனால் கசப்பும் சவர்க்காரம் போன்ற வழவழப்பும் நாக்கில் நிற்கிறதென்றால் சுண்ணாம்பு. தீ மூட்டும்போது 9, 10-இல் இருந்திருக்கும். இரண்டும் இல்லாமல் சாம்பல் கலந்த கறுப்பாக இருந்தால் துருப்பிடித்த இரும்புத் தாச்சியைப் பாருங்கள். வெளுப்பாக்க ஹைட்ரோஸ் என்ற ரசாயனத்தைப் போடச் சொல்லி யாராவது வந்தால் அனுப்பிவிடுங்கள்.

தின்றால் நறநறக்கிறது

மணலா, சுண்ணாம்பா? கருப்பட்டியை வெந்நீரில் கரைத்து வடித்து, தங்கிய வண்டலில் வினிகர் விடுங்கள். பொங்கினால் சுண்ணாம்பு, துணியை மாற்றுங்கள். பொங்கவில்லையென்றால் மணல், அல்லது அமிலம் சேர்த்தபின் தெளிய விடாமல் ஊற்றிய வீழ்படிவு. விரலில் தேய்த்தால் மணல் தெரிந்துவிடும். கடற்காற்றில் விடிலியைத் திறந்து போட்டால் மணல் வரத்தான் செய்யும்.

நன்றாக இறுகியது, வைத்த இடத்தில் கசிகிறது

கீழக்கரை, தேவிபட்டினம், மண்டபம் போலக் கடலை ஒட்டிய ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் எந்தக் கருப்பட்டியும் கொஞ்சம் வேர்க்கும். அதைக் கோளாறு என்று சொல்ல முடியாது. கோடையிலேயே கசிந்து, பெட்டி ஓலையெல்லாம் ஒட்டினால்தான் கவலை. உடைந்த சர்க்கரை, முக்கியமாக ஃப்ரக்டோஸ், காற்றின் ஈரத்தை இழுக்கும். ஆக லேசாகப் புளிக்கத் தொடங்கிய பதனீர் இறுகித் தப்பித்தாலும் இங்கே காட்டிக்கொடுத்துவிடும். அந்த வாரத்துப் பதனீரின் காலை அளவுகளைப் பாருங்கள். 7-க்கும் 8-க்கும் நடுவில் இறங்கியிருந்தால் கலயத்தில் கொஞ்சம் கூடுதலாகத் தடவ வேண்டும்.

அளவுகள் சரியாக இருந்தும் கசிகிறதென்றால் உப்பு. உவர் தண்ணீரில் அலசிய சிரட்டையும் தாச்சியும் விட்டுச்செல்லும் மெக்னீசியம், கால்சியம் குளோரைடுகள் ஈரத்தை இழுப்பதில் சர்க்கரையை மிஞ்சும். கடைசி அலசலை ஊருணித் தண்ணீருக்கு மாற்றிப் பாருங்கள். கசிந்த கருப்பட்டியை வெயிலில் காயவைக்காதீர்கள், இளகி உருவம் போய்விடும். பனை ஓலைப் பெட்டியில் அடுக்கி அடுப்புக்கு மேல் பரணில், புகை படும் இடத்தில் வையுங்கள். அந்தக் கருப்பட்டியை முதலில் விற்றுவிட்டு, காலை அளவு 8.5-க்கு மேல் இருந்த நாட்களின் கருப்பட்டியை மழைக்காலத்துக்கு எடுத்து வையுங்கள்.